கிக்கரில் நின்று சொன்ன ஏழாம் வாய்பாடு

“ஞாயிறு. காலை. எஞ்சின் குளிர். பிள்ளை நின்றாள். ஒன்பதேழு வரை.”

அப்பாவின் கையெழுத்தில் இருக்கும் இந்தக் குறிப்பு, ஒரு நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதப்பட்டது. முன்பக்கத்தில் கிழமையும் ராகுகாலமும் தெரிகின்றன. ஆண்டு இருக்கவேண்டிய மூலையில் எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடிபோல் ஆகிவிட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன். பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன். ஓர் ஏழு மட்டும் உறுதி. எழுபதுகள் என்று சொல்ல அது போதும். பாண் ரொட்டிக்குக் கியூவில் நின்றதும், ஸ்பெயார் பார்ட்ஸ் கேட்டால் கடைக்காரர்கள் சிரித்ததும் அதே பருவத்தில் என்பதால் எழுபத்து மூன்று அல்லது எழுபத்து நான்கு என்று வைத்திருக்கிறேன். மறுப்பவர்கள் ஆதாரத்தோடு வரலாம்.

அந்தக் காலத்தை என் வயதுக்காரர்களாகிய உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. குறிப்பைத்தான் விளக்க வேண்டும். பிள்ளை என்பது நான். நான் நின்றது ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் கிக்கரில்.

அந்த ஆண்டு அம்மாவுக்கு ஆசிரியை நியமனம் கிடைத்தது. தெல்தெனியவுக்கு அப்பால், தோட்டத்துப் பிள்ளைகள் படிக்கும் சிறிய தமிழ்ப் பாடசாலை. நாங்கள் இருந்தது கண்டியில், கட்டுகலையில். அப்பா ஒரு கந்தோரில் கிளார்க். அம்மாவின் வேலை முதல் ஆண்டு தற்காலிகம். ஆண்டு முடிவில் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து நல்லபடியாக எழுதினால்தான் நிரந்தரம். இடையில் இருந்தது ஒரு சிவப்புக் கோடு. காலையில் மணி அடித்ததும் தலைமையாசிரியர் வரவுப் புத்தகத்தில் சிவப்பு மையால் கோடு போடுவார். கோட்டுக்கு மேலே கையெழுத்திட்டவர்கள் வந்தவர்கள். கீழே இட்டவர்கள் பிந்தியவர்கள். முதல் மாதத்திலேயே அம்மாவின் பெயர் பல நாள் கீழே போய்விட்டது. குற்றம் பஸ்ஸுடையது, பெயர் அம்மாவுடையது.

“இப்படியே போனா நான் கோட்டுக்கு அடியிலயே ரிட்டயர் ஆயிருவேன்,” என்று அம்மா ஒரு நாள் சொன்னார். அன்றைக்கே அப்பா மோட்டார் சைக்கிள் வாங்குவது என்று முடிவெடுத்தார்.

புதியது என்ற பேச்சே அப்போது கிடையாது. எங்கள் கையில் இருந்த தொகைக்கு நல்ல எஞ்சின் கிடைக்காது. கெட்ட எஞ்சினுக்கு அது அதிகம். ஆகவே பார்த்து வாங்க வேண்டும். பார்ப்பதற்கு இரண்டு அதிகாரிகள் இருந்தார்கள். ஒருவர் அப்பா. நூல்நிலையத்திலிருந்து மோட்டார் பராமரிப்புப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, முதல் மூன்று அத்தியாயங்களைப் பாராயணம்போல் படித்திருந்தார். மற்றவர் மாமா, அம்மாவின் அண்ணன். ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் அறை அவர் பொறுப்பு. அந்த எஞ்சின் எங்கள் வீட்டின் முன்னறை அளவு இருக்கும். மோட்டார் சைக்கிள் எஞ்சினைப் பற்றி அவர் பேசினால், யானைப்பாகன் ஆட்டைப் பற்றிப் பேசுவதுபோல் இருக்கும்.

கலகெதரவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் ஒரு முஸ்லிம் முதலாளியிடம் வண்டி இருப்பதாகத் தகவல் வந்தது. நல்ல நேரம் பார்த்து நாங்கள் மூவரும் போனோம். என்னை அழைத்துப் போனதற்குக் காரணம், வீட்டில் தனியே விட முடியாது என்பதுதான். நெருப்புக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்து, அப்போதுதான் எழுந்திருந்தேன். தலைமுடி கொட்டியிருந்தது. சட்டையைக் கொடியில் காயப்போட்டாலும் நான் போட்டிருந்தாலும் ஒரேமாதிரி தொங்கும் என்பார் மாமா.

வண்டி சாக்குகளுக்கு நடுவே நின்றது. கறுப்பு டாங்கி, ஒற்றைச் சிலிண்டர். பெற்றோல் மணத்துக்குப் பதிலாகக் கராம்பு மணம் அடித்தது. இன்றைக்கும் பாயாசத்தில் கராம்பு கடிபட்டால் எனக்கு அந்த எஞ்சின்தான் நினைவுக்கு வரும்.

முதலாளி வெளிப்படையாகச் சொன்னார். “ஒளிக்க ஒண்டுமில்ல ஐயா. எஞ்சின் கொஞ்சம் தேஞ்சுதான் ஈக்கிது. ரிங் ஒண்டு கெடச்சா மாத்துங்க.”

அப்பாவும் மாமாவும் கடைக்கு வெளியே போய் ஆலோசித்தார்கள். சொந்தச் சாமானை ஒரு வியாபாரி குறைத்துப் பேசுவதை இருவரும் அதுவரை கேட்டதில்லை. அதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று மாமா கண்டுபிடித்தார். “அவருக்குக் குடுக்க மனசில்ல மாப்ள. நல்ல எஞ்சின். வேணான்னு நாமளே போயிரணும்னு பாக்குறாரு.” அப்பாவின் புத்தகத்தில் இதைப் பற்றி எதுவும் இல்லை. ஆகவே ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் சோதனை செய்ய வேண்டும். மாமாவின் முறை எளிமையானது. எஞ்சினைக் கிளப்ப உதைக்கிற மிதிதான் கிக்கர். உள்ளே காற்று இறுகும் இடத்துக்குக் கிக்கரைக் கொண்டுவந்து, அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் நன்றாக இருந்தால் காற்று கசியாது, கிக்கர் ஆளைத் தாங்கும். தேய்ந்திருந்தால் காற்று கசியக் கசியக் கிக்கர் இறங்கும். எவ்வளவு நேரம் தாங்குகிறதோ அவ்வளவு நல்ல எஞ்சின்.

மாமா ஏறினார். கிக்கர் ‘டொக்’ என்று அடியில் போய் முட்டியது. தன் எடைக்குத் தொழிற்சாலை எஞ்சினே இறங்கும் என்று அதை அவர் கணக்கில் எடுக்கவில்லை. அப்பா ஏறினார். அதேதான். கிளார்க்குமாரும் இப்போது கனமாகத்தான் இருக்கிறார்கள் என்று மாமா அதையும் தள்ளினார். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

என்னைத் தூக்கிக் கிக்கரில் நிறுத்தினார்கள். மாமாவின் கடிகாரத்தில் வினாடி முள் இல்லை. “ஏதாச்சும் சொல்லு பாப்பா, அளக்கணும்,” என்றார். காய்ச்சலில் தவறிப்போன பாடங்களை அப்பா வீட்டில் சொல்லிக்கொடுத்த வாரம் அது. நான் ஏழாம் வாய்பாட்டைத் தொடங்கினேன். ஓரேழு ஏழு, ஈரேழு பதினாலு. பன்னிரண்டேழு எண்பத்துநான்கு வரை போனேன். கிக்கர் அசையவில்லை.

மாமாவின் முகம் பிரகாசமானது. முதலாளி என்னை மேலும் கீழும் பார்த்தார். “எங்கட பக்கம் ஆடு வாங்கத்தான் தூக்கிப் பாப்பாங்க. புள்ளய ஏத்தி எஞ்சின் பாக்குறத இப்பதான் பாக்குறன். இந்தப் புள்ள ஏறி நிண்டா சைக்கிள் பம்பும் எறங்காதே.”

பெரியவர்கள் இருவரும் இதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் நினைவுக்கு வருகிறது.

வண்டி வீட்டுக்கு வந்தது. மறுவாரமே அம்மாவின் கையெழுத்து கோட்டுக்கு மேலே ஏறியது. பின்சீட்டில் அம்மா, முன்னால் டாங்கியின் மேல் நான். என்னையும் அம்மாவின் பாடசாலையிலேயே சேர்த்திருந்தார்கள். எங்களை இறக்கிவிட்டு அப்பா கண்டிக்குத் திரும்பி, தலைமுடி பின்னால் படிந்தபடியே கந்தோருக்குப் போவார்.

ஞாயிற்றுக்கிழமைகள் எஞ்சினுக்கு ஆகிவிட்டன. காலை பஸ்ஸில் மாமா வந்துவிடுவார். கொல்லையில் ஜேம் பழ மரத்தடியில் சாக்கு விரித்து வேலை நடக்கும். எண்ணெயை எனாமல் பேசினில் வடிப்பார்கள். புதிய எண்ணெய்க்கு வழியில்லாததால் அம்மாவின் பழைய வாயல் சேலைத் துண்டில் வடிகட்டி அதையே திரும்ப ஊற்றுவார்கள். மாமா ஒரு துளியை இரண்டு விரலுக்கிடையில் தேய்ப்பார், மோந்து பார்ப்பார். ஒருமுறை நாக்கிலும் வைத்துப் பார்த்தார். என்ன தெரிந்தது என்று சொல்லவில்லை. பிளக்கைத் தேய்க்க ஒரு பழைய பல் பிரஷ் இருந்தது. அது பழையதுதானா என்பதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஒரு வாரம் பேச்சில்லை.

பெரிய பிரச்சினை எண்ணெய்க் கசிவு. எஞ்சினின் பக்கமூடிக்கும் உடலுக்கும் நடுவே வைக்கும் பேக்கிங் கடையில் இல்லை. தடித்த அட்டையை அந்த வடிவத்தில் வெட்டி வைக்கலாம் என்று மாமா சொன்னார். வீட்டில் தடித்த அட்டை என்றால் கல்யாணப் பத்திரிகைதான். அதில் ஒரு சமூக உண்மை வெளிப்பட்டது. மாத்தளைச் சித்தப்பா வீட்டுப் பத்திரிகை, பொன் எழுத்தோடு, இரண்டு மாதத்துக்குமேல் எண்ணெயைத் தாங்கியது. தூரத்து ஏழைச் சொந்தத்தின் பத்திரிகை ஒரே வாரத்தில் ஊறிக் கூழானது. யார் வீட்டில் அடுத்த கல்யாணம் என்று அப்பா அக்கறையாக விசாரிக்கத் தொடங்கினார். பத்திரிகைகள் தீர்ந்தபின் அலுமாரியில் கிடந்த வேறு அட்டைகள் போயின.

எல்லா வேலைக்கும் முன்னால், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே, நான் கிக்கரில் ஏறி ஏழாம் வாய்பாடு சொல்வேன். எந்த இடத்தில் கிக்கர் இறங்குகிறதோ அதை அப்பா எழுதிவைப்பார். ஆரம்பத்தில் பன்னிரண்டேழு. பிறகு பத்தேழு. மேலே காட்டிய தாளில் ஒன்பதேழு. மழைக்காலம் தொடங்கியபோது ஏழேழு. மாமா தாடையைத் தடவினார். நான் மெதுவாகச் சொல்கிறேனோ என்று அப்பா சந்தேகப்பட்டார். அதற்குப் பதிலாக வேகமாகச் சொன்னேன். ஒரு வாரம் எஞ்சின் தேறியது. மறுவாரம் மீண்டும் இறங்கியது.

இதே நாட்களில் பாடசாலையில் பிஸ்கட் கொடுத்துவந்தார்கள். தடித்த, பால் மணக்கும் பிஸ்கட். உங்களில் பலர் அதைச் சாப்பிட்டிருப்பீர்கள். பங்கிடும் பொறுப்பு ஒரு மூத்த டீச்சருக்கு. காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை என்று எனக்கு எப்போதும் இரட்டைக் கை அள்ளு. மிஞ்சினால் பையிலும் போட்டுவிடுவார். அம்மாவின் சம்பளம் வந்ததில் வீட்டிலும் முட்டை தென்பட்டது. இந்தச் செய்திகளை யாரும் எஞ்சினோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

அத்தோடு, இன்ஸ்பெக்டர் வரும் நாள் நெருங்க நெருங்க, அம்மா பாடத்துக்கு வேண்டிய சாமான்களைச் சுமக்கத் தொடங்கினார். உலகப்படம், களிமண்ணில் செய்த மலைநாடு, எண்ணிப் பழகப் புளியங்கொட்டை மூட்டை. திகன ஏற்றத்தில் வண்டி முனகியது. அப்பா கியரைக் குறைத்துக்கொண்டே, “ரிங் போகுது,” என்று காற்றிடம் சொல்வார்.

இன்ஸ்பெக்டர் ஒரு திங்கட்கிழமை வருவதாக அறிவித்தார்கள். முந்திய ஞாயிறு நான் கிக்கரில் ஏறினேன். ஐயேழு முப்பத்தைந்து. டொக்.

மாமா சட்டையைக் கழற்றி ஜேம் மரத்தில் மாட்டினார். அது அறுவைச் சிகிச்சைக்கு அடையாளம். இன்றைக்கே எஞ்சினின் தலையைத் திறந்து ரிங்கைப் பார்க்காவிட்டால் நாளைக்கு வழியில் எஞ்சின் இறுகி நின்றுவிடும் என்றார். திறந்தால் இன்றைக்கே மூட முடியுமா என்று அப்பா கேட்டார். மாமா ஸ்பேனரைத் துடைத்தார். டாங்கியைக் கழற்றி ஓரமாக வைத்தாயிற்று. முதல் நட்டில் ஸ்பேனர் உட்கார்ந்தும் விட்டது.

அப்போது அம்மா என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு கொல்லைக்கு வந்தார். மறுநாளைக்கான வெள்ளைச் சட்டையை எனக்குப் போட்டுப் பார்த்திருந்தார். முதுகில் ஒரு பொத்தானும் பூட்டவில்லை.

“ஏங்க,” என்றார் அப்பாவிடம். “இதப் பாருங்க. ஆறு மாசத்துக்கு முன்ன இதுக்குள்ள ரெண்டு புள்ளய வைக்கலாம். எஞ்சின் ஒண்ணும் தேயல. உங்க எடைக்கல்லு வளந்துருச்சு.”

மாமா என்னைப் பார்த்தார், கிக்கரைப் பார்த்தார், மீண்டும் என்னைப் பார்த்தார். எஞ்சின் அறைப் பொறுப்பாளர் ஒருவர் பொத்தானை ஆதாரமாக ஏற்க முடியாது.

“சட்ட சுருங்கியிருக்கும்மா,” என்றார்.

“அப்ப ஆஸ்பத்திரி அட்டையப் பாருங்கண்ணே. துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பினப்ப இவ எடைய எழுதிக் குடுத்தாங்க. முச்சந்திக் கடைத் தராசுல இப்ப நிறுத்துப் பாப்போம். வித்தியாசம் தெரிஞ்சிரும்.” அம்மா உள்ளே போனார். அலுமாரி திறக்கும் சத்தம், இழுப்பறைகள் இழுபடும் சத்தம் கேட்டது. அப்பா ஜேம் மரத்தில் பழம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

அம்மா வெறுங்கையோடு திரும்பிவந்தார்.

“அது,” என்றார் அப்பா, மரத்தைப் பார்த்தபடியே, “நல்ல தடிப்பான அட்ட.”

மாமாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அட்டை எஞ்சினுக்குள், பக்கமூடியின் பேக்கிங்காக இருந்தது. எழுத்துப் பக்கம் உட்புறமா வெளிப்புறமா என்று அப்பாவிடம் கேட்டார். அப்பாவுக்கு நினைவில்லை. மாமாவின் முகத்தில் மகிழ்ச்சி திரும்பியது. “அப்ப தொறந்துருவோம். ரிங்கும் தெரிஞ்சிரும், எடையும் தெரிஞ்சிரும்.”

அம்மா ஸ்பேனரை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார். “நாளைக்கு நான் கையெழுத்து வச்சதுக்கப்புறம் எஞ்சின மட்டுமில்ல, என் மண்டையக்கூடத் தொறந்து பாருங்க. இன்னைக்கு ஒரு நட்டு அசைஞ்சுது, நான் இங்கயே இருக்குறேன், நீங்க ரெண்டு பேரும் போய் இன்ஸ்பெக்டருக்குப் பாடம் நடத்துங்க.”

டாங்கி பழைய இடத்துக்குப் போனது. மாமா மதியச் சோறு சாப்பிடாமல் பஸ் ஏறினார். அம்மாவோ இரவு சட்டையின் தையலைப் பிரித்து, ஓரத்தில் துணி சேர்த்துத் தைத்து முடித்தார்.

திங்கள் விடியற்காலை. அப்பா அன்றைக்கென்று டாங்கி நிறையப் பெற்றோல் ஊற்றியிருந்தார். வெள்ளைச் சட்டையில் எண்ணெய் படக்கூடாது என்று, காய்ச்சல் காலத்தில் என் கட்டிலில் விரித்திருந்த ரப்பர் சீட்டை அம்மா இரண்டாக மடித்து டாங்கியின் மேல் போட்டார். அதன்மேல் நான். வாவியில் பனி நின்றது. தென்னக்கும்புரப் பாலத்தைக் கடந்தோம். குண்டசாலையைத் தாண்டியதும் எஞ்சின் இருமியது. இன்னொருமுறை இருமி நின்றுவிட்டது.

எல்லோரும் இறங்கினோம். அப்பா உதைத்தார். ஒரே உதையில் கிளம்பியது. ஏறினோம். பல்லேகலவில் மறுபடி நின்றது. இறங்கினோம், உதைத்தார், கிளம்பியது. கொஞ்ச தூரத்தில் மூன்றாவது முறை. அப்பா ஹெல்மெட் இல்லாத தலையில் கைவைத்து, “மச்சான் சொன்னது சரிதான்,” என்றார். அம்மாவின் கண்கள் தெருவில் வரக்கூடிய பஸ்ஸைத் தேடின. பஸ் இல்லை. உலகப்படத்தைக் கக்கத்தில் வைத்தபடி அம்மா கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்.

“இவ எறங்கினா ஓடுது. ஏறினா நிக்குது,” என்றார். “பாப்பா, முன்னால உக்கார வேணாம். எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல வா.”

ரப்பர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார். நான் நடுவில் நசுங்கினேன். அதன்பின் வண்டி ஒருமுறைகூட நிற்கவில்லை. முன்னாலிருந்த கனம் பின்னால் போனால் எஞ்சினுக்கு எப்படிக் குறையும் என்று அப்பா கேட்கவில்லை. கேட்க நேரமும் இல்லை. திகன ஏற்றத்தில் முனகியபடியே ஏறியது.

நாங்கள் வாசலுக்கு வந்தபோது மணி அடித்துக்கொண்டிருந்தது. வரவுப் புத்தகம் மேசைமேல் விரிந்திருந்தது. ஒரு கதிரையில் இன்ஸ்பெக்டர். பக்கத்தில் தலைமையாசிரியர், கையில் சிவப்புப் பேனை. அவர் யாழ்ப்பாணத்தவர். ஈரமில்லாத மனுஷன் என்று எங்கள் வீட்டில் பெயர் வாங்கியவர். அம்மா ஓடவில்லை. இன்ஸ்பெக்டர் பார்க்க ஓடக்கூடாது. நடந்தார். தலைமையாசிரியர் பேனையைத் தாளில் வைத்தார், எடுத்தார், உதறினார். “மை இறங்குதில்லை,” என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லி இன்னொருமுறை உதறினார். அம்மா வந்து கையெழுத்திட்டார். “ஓம், இப்ப சரி,” என்று தலைமையாசிரியர் கோட்டைப் போட்டார்.

அவர் உதறிய இடத்தில் தரையில் சிவப்பு மைத்துளிகள் வரிசையாகக் கிடந்தன. பேனையில் மை நன்றாகவே இறங்கியிருக்கிறது. ஒன்பது வயதில் நான் அவற்றைக் கண்டேன். அவற்றின் பொருள் விளங்கப் பல ஆண்டு ஆனது.

இன்ஸ்பெக்டர் எங்கள் வகுப்புக்கும் வந்தார். வாய்பாடு யாருக்குத் தெரியும் என்று கேட்டார். நான் எழுந்து எனக்கு மிகவும் பழக்கமான ஏழாவதைத் தொடங்கினேன். ஐயேழு முப்பத்தைந்து வந்ததும் வலது முழங்கால் தானாக மடிந்தது. பிள்ளைக்குப் பலவீனமோ என்று அவர் விசாரித்தார். நெருப்புக் காய்ச்சல் வந்த பிள்ளை என்று மூத்த டீச்சர் சொன்னார். அன்றைக்கு எனக்குப் பிஸ்கட் மூன்று கை.

அம்மாவின் வேலை நிரந்தரமானது. கடிதம் வந்த ஞாயிறு மாமாவும் வந்தார். எஞ்சினைத் திறக்கும் பேச்சை எடுத்தார். அம்மா அவருக்குக் கோழிக்கறி போட்டுப் பேச்சை மாற்றினார். ஓடுகிற எஞ்சினைத் திறப்பானேன் என்று அப்பாவும் நழுவினார். நான் கிக்கரில் ஏறுவது அத்தோடு நின்றது. அளக்கத் தகுந்த மெலிந்த பிள்ளை ஒன்றை மாமா எங்கள் சந்தில் கொஞ்ச நாள் தேடினார். தாய்மார் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பல ஆண்டுகளுக்குப் பிறகு, வேறெதையோ தேடப்போய், பழைய வண்டிகளின் பராமரிப்பு நூலொன்றைப் படித்தேன். பெற்றோல் டாங்கியின் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும், அதன்வழி காற்றுப் போகாவிட்டால் பெற்றோல் இறங்காது, எஞ்சின் நின்றுவிடும் என்றிருந்தது. புத்தகத்தை மூடிவைத்து ரப்பர் சீட்டை நினைத்துக்கொண்டேன். அந்தத் திங்கட்கிழமை வண்டியை நிறுத்தியது ரிங்கும் அல்ல, என் கனமும் அல்ல. அப்பா எடுத்துவந்த புத்தகத்திலும் இது இருந்திருக்கக்கூடும், நாலாம் அத்தியாயத்தில். இதைச் சொல்ல நான் போனபோது அப்பா இல்லை. மாமா இருந்தார். முழுவதையும் கேட்டுவிட்டு, “சரி பாப்பா, ஆனா ரிங்கும் போயிருந்துச்சு,” என்றார்.

அம்மாவுக்குக் கண்டிக்கு மாற்றம் கிடைத்ததும் வண்டியைத் தெல்தெனியவில் ஒரு தையற்காரருக்கு விற்றார்கள். எண்பதுகளில் விக்டோரியா நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய தெல்தெனிய தண்ணீருக்குள் போனது. கடைகள் புதிய ஊருக்கு ஏறின. தையற்காரரும் ஏறினார் என்று ஒருவர் சொன்னார். வண்டியோடு ஏறினாரா என்பதைச் சொல்ல ஆளில்லை. இரண்டு முறை போய் விசாரித்தேன்.

எஞ்சின் முன்னமே தேய்ந்திருந்தது என்பது கலகெதர முதலாளியின் வாக்குமூலம். எங்களிடம் வந்து தேய்ந்தது என்பது மாமாவுடையது. தேயவே இல்லை, பிள்ளைதான் வளர்ந்தாள் என்பது அம்மாவுடையது. மூன்றையும் தீர்க்கக்கூடிய ஒரே சான்று என் அன்றைய எடை எழுதிய ஆஸ்பத்திரி அட்டை. அது எஞ்சினுக்குள் இருக்கிறது. எஞ்சின் தண்ணீருக்கு மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பது, இதை எழுதும் இன்றுவரை, உறுதிப்படவில்லை.